எம்-14, எட்டாம் சுற்று

மே 10, வெள்ளி

பழைய நோட்டில் ஆகார்க் கூழ் கொட்டி அட்டை ஊறிப்போய்விட்டது. கவின்மலரின் பள்ளிக்கூட நோட்டில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்கள் இனி எனக்கு. "நாப்பத்தி நாலு வயசுல டைரி எழுதுற ஒரே ஆளு நீதாம்மா" என்று கேலி வேறு. பிளஸ் டூ பாஸ் ஆனவளுக்கு வாய் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது.

இன்று மேலப்பட்டியிலிருந்து ஒருவர் கன்று ஏற்ற வேன் கொண்டு வந்தார். இரண்டாயிரம் கன்றும் தயார். மனிதர் ஏற்றவிடவில்லை. எங்கள் கூடத்தில் வேலை பார்க்கும் பாண்டீஸ்வரி வந்து முதல் கன்றை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றுகொண்டார்.

"இது ஆராய்ச்சிக்கூடம்யா, கோயில் இல்ல. எல்லாக் கன்னும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

"அது கெடக்கட்டும் மேடம். கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல? போன வருசம் இந்தப் புள்ள குடுத்த கன்னு. ஒவ்வொரு தாரும் இம்புட்டு ஒசரம்."

பாண்டீஸ்வரி முகக்கவசத்தைக் கழற்றாமலே வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி ஓடினாள். எனக்கு இந்த ராசியில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் கை நல்ல கைதான். பத்தாவது படித்த பெண். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வெட்டும் கூடத்தில் அவள் வெட்டிய பாட்டிலில் மட்டும் பூஞ்சை வந்து நான் பார்த்ததில்லை.

நோட்டு புதிது என்பதால் என் தொழிலையும் எழுதி வைக்கிறேன். சின்னமனூருக்கு வெளியே வாழைத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் நான் உற்பத்திப் பொறுப்பாளர். நோயில்லாத நல்ல தாய்வாழையின் தளிரை எடுத்து, கண்ணாடி பாட்டிலில் சத்துக்கூழின் மேல் வைப்போம். நான்கு வாரத்தில் ஒன்று நாலைந்தாகும். பிரித்து வெட்டி மறுபடி வைப்போம். அப்படி வெட்டுவது ஒரு சுற்று. எட்டுச் சுற்றுக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டினால் கன்று தன் குணத்தை மறக்க ஆரம்பிக்கும். குட்டையாகும், இலை திரியும், தார் சிறுக்கும். எட்டாவதில் வந்ததை வேர்விட அனுப்பிவிட்டு, அந்தத் தாயை அத்தோடு முடித்துவிட வேண்டும். "எட்டுக்கு மேல் எட்டாதே" என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். பாட்டில் மூடியில் மூன்று எண்கள் இருக்கும்: தாயின் எண், சுற்று, வெட்டியவளின் எண். பாண்டீஸ்வரி ஏழு.

மே 12, ஞாயிறு

வீரபாண்டித் திருவிழா. கவின்மலருக்காக நேர்ந்துகொண்ட அக்னிச்சட்டி நல்லபடியாக முடிந்தது. உள்ளங்கையில் சின்னக் கொப்புளம்.

கூடத்தில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லையாம். ஜெனரேட்டரில் டீசல் இல்லை. வளர்ப்பறை முப்பத்தெட்டு டிகிரி. ஒன்றும் ஆகாது.

மே 17, வெள்ளி

ஆகிவிட்டது. பாட்டில்களில் முதலில் வெள்ளைப் பஞ்சு, அப்புறம் கறுப்பு. இரண்டு நாளில் அலமாரி அலமாரியாகப் பரவிவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது பாட்டில்களை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் போட்டு அவித்தோம். போனதெல்லாம் இளசு: இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. தைப் பட்டத்துக்கு விவசாயிகள் குழு ஒன்றுக்கு இருபதாயிரம் கன்று தருவதாக ஏற்றிருக்கிறோம். அதற்காக வைத்திருந்த குஞ்சுகள்.

சந்தானம் சார் கூடத்தின் முதலாளி; கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம். "ஞாயித்துக்கிழமை இங்க யாரு இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாட்ச்மேன் திருவிழாவுக்குப் போயிட்டாப்ல சார்" என்றேன்.

அது பொய்யில்லை. அவரும் போயிருந்தார்.

மே 29, புதன்

எம்-14, எட்டாம் சுற்று. அருமையான தளிர்கள். வெட்டியது பாண்டீஸ்வரி.

வாட்ச்மேனை அனுப்பிவிட்டார்கள். புது ஆள் டீ வாங்கிக்கொடுக்க மறுக்கிறார். வீட்டில் மிக்ஸி ஜார் உடைந்தது. கண்டக்டரான என் வீட்டுக்காரருக்குக் கம்பம் ரூட்டிலிருந்து மாற்றம் வருமாம். பதினெட்டு வருடமாக வருகிறது அந்த மாற்றம்.

ஜூன் 26, புதன்

எம்-14, எட்டாம் சுற்று. இருநூற்று நாற்பது பாட்டில்கள்.

பாண்டீஸ்வரியின் மாமியார் இறந்து பதினொரு நாள்தான் ஆகிறது. வீட்டில் காரியம் முடியவில்லை. வேறு யார் வெட்டினாலும் இந்தத் தாயில் சேதம் வரும். நமக்கு இப்போது ஒரு தளிர் கூடச் சேதமாகக் கூடாது. போன் செய்து வரச் சொன்னேன்.

"காரியம் முடியலையே மேடம். பதினாறு கழியாம பச்சையத் தொடலாமா?"

"பாட்டிலுக்குள்ள இருக்கறதுக்கு என்ன பச்சை, என்ன சாவு? கையில ஸ்பிரிட் அடிச்சிட்டு உக்காரு. மூணு நாள் வேலைதான்."

வந்தாள். மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தாள். மாமியார் நல்ல மனுஷியாம். வெட்டும்போது கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீர் விழுந்துவிடப் போகிறது என்று நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

எட்டு என்பது கல்லில் வெட்டியது அல்ல. வாழை இனத்துக்கு இனம் மாறும். பத்து வரை போனவர்கள் உண்டு. எம்-14 கெட்டியான தாய். தவிர, மரபணு ஒப்புமைச் சோதனைக்கு ஆறாம் சுற்றிலேயே இலை அனுப்பி, தாயும் கன்றும் ஒன்றே என்று சான்று வந்துவிட்டது. ஒரு தாய்க்கு ஒரு முறை அனுப்பினால் போதும் என்பதுதான் நடைமுறை. நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஜூலை 24, புதன்

எம்-14, எட்டாம் சுற்று.

பாண்டீஸ்வரி மூடியைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள்: "மேடம், இது போன மாசமும் எட்டுதான? அதுக்கு முந்தியும் எட்டு மாதிரி ஞாபகம்."

அறையில் மற்ற பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "எண்ணுறது என் வேலை, வெட்டுறது உன் வேலை. கையப் பாத்து வெட்டு. எம்.எஸ்சி. படிச்சிட்டு வந்து கணக்குக் கேளு" என்றேன்.

"தெரியாமக் கேட்டுட்டேன் மேடம்" என்று குனிந்துகொண்டாள்.

மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே இருந்தது. ஆடிச் செவ்வாய் விரதம் ஏதாவது இருக்கலாம். இன்று புதன்.

ஆகஸ்ட் 21, புதன்

எம்-14, எட்டாம் சுற்று.

செப்டம்பர் 18, புதன்

எம்-14 முழுவதும் வேர் வளர்ப்புக்குப் போய்விட்டது. இனி வெட்டு இல்லை. ஆறாயிரம் தாண்டும். சந்தானம் சார் இனிப்பு வாங்கிக்கொடுத்தார். "நீங்க இல்லைன்னா இந்த ஆர்டர் போயிருக்கும் அமுதராணி" என்றார். இனிப்பு நெய் வாடையடித்தது. பாதியைப் புது வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கன்றுகள் நிழல்வலைக் குடிலுக்கு வந்துவிட்டன. பாட்டிலுக்குள் சொகுசாக இருந்தவை. வெயில், காற்று, மண் எல்லாம் இங்கேதான் பழக வேண்டும். பெண்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து எம்-14 தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில குட்டையாகவும் சில தடித்த இலையோடும் இருந்தன. எழுபத்து மூன்றைப் பிடுங்கி உரக்குழியில் போட்டு மேலே மண் தள்ளினேன். யாராவது கேட்டால் வேரழுகல் என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

மிச்சம் எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. நன்றாகவே இருக்கும்.

டிசம்பர் 19, வியாழன்

பாண்டீஸ்வரியும் அவள் புருஷன் வீரணனும் வந்தார்கள். பாகம் பிரித்ததில் அவனுக்கு முக்கால் ஏக்கர் வந்திருக்கிறது. முதல் முறையாகச் சொந்தமாக வாழை வைக்கப் போகிறார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று. ஒவ்வொரு கன்றுக்கும் அளந்து தண்ணீர், பாதித் தண்ணீரில் முழு விளைச்சல் என்று நான் கூட்டங்களில் பேசுவதை வரி பிசகாமல் வீரணன் எனக்கே சொல்லிக் காட்டினான்.

"தொள்ளாயிரம் கன்னு வேணும் மேடம். நான் வெட்டுன எம்-14லயே குடுங்க" என்றாள்.

"எம்-11 எடுத்துக்கயேன். அது இன்னும் நல்லாருக்கும்."

"எம்-11தான் பூராம் போயிருச்சே. போன வாரம் நாந்தான் ஏத்திவிட்டேன்." சிரித்தாள். "இவுககிட்ட ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டே இருக்கேன். மத்த ஊருக்கெல்லாம் நான் வெட்டுனது போகுதுல்ல, நம்ம காட்டுல அத என் கண்ணால பாக்கணும்னு."

நான் ரசீது எழுதினேன்.

பங்குனியில் வேறு தாய் ஒன்றிலிருந்து புதுக் கன்று வரும், அதுவரை பொறு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது?

ஜனவரி 22, புதன்

மேலப்பட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. வராவிட்டால் கன்று நட மாட்டேன் என்று பாண்டீஸ்வரி பிடிவாதம். குழி வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கெங்கம்மாளும் களை வெட்ட வந்த பெண்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சூடம் கொளுத்தினார்கள்.

"முதக் கன்ன நீங்க வைங்க மேடம்."

"என் கை எதுக்கு? உன் கைதான் ராசியான கை" என்றேன்.

ஊர்ப் பெண்கள் "அப்படிச் சொல்லுங்க!" என்று குலவையிட்டார்கள். அவள் மண்ணை அணைத்துவிட்டு எழுந்தபோது முகம் அப்படி ஒரு பூரிப்பு. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். அவர்கள் இல்லை; நல்லவேளை. மூன்று மாதப் பயிர் இடுப்புயரம் இருக்க வேண்டும். பல கன்றுகள் முழங்காலோடு நிற்கின்றன. இலைகள் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி, தோல் போலத் தடித்து, நடுவே வெளிறிய கோடுகள். ஒரு வரிசையில் நாற்பதை எண்ணினேன். பதினாறு அப்படி.

உரம் தோட்டத்து மண்ணில் சரியாகப் பிடித்திருக்காது.

அந்த வரியை அடிக்கத் தோன்றுகிறது. கிடக்கட்டும்.

மே 19, திங்கள்

மூன்று ஊர்களிலிருந்து புகார். சந்தானம் சார் என்னையும் அழைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். எல்லாம் எம்-14. திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தார். சுற்று எட்டு, சான்று சரி. வெட்டிய தேதி எழுதும் வழக்கம் இல்லை. வெட்டியவள் ஏழு, ஏழு, ஏழு, ஏழு.

"தளிர விட்டுட்டு அடியில திரண்ட கட்டியில இருந்து வெட்டி எடுத்திருக்கா. அவசரம். அதான் இப்படித் திரிஞ்சிருக்கு. என்ன சொல்றீங்க?"

"இருக்கலாம் சார்" என்றேன்.

இருக்கலாம் சார். இருக்கலாம் சார்.

மே 21, புதன்

சார் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் பாண்டீஸ்வரியே வந்து மேலங்கியை மடித்து என் மேஜையில் வைத்தாள்.

"நான் நின்னுக்கிறேன் மேடம். எனக்குத் தெரியும் எதுனாலன்னு. எங்க அத்தை செத்து பதினாறு கழியல. காரியம் முடியுறதுக்குள்ள வந்து உசுருள்ள தளிர வெட்டுனேன்ல. அந்தத் தீட்டுதான். இவுக அப்பவே வேணாம்னாக."

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது பாண்டீஸ்வரி."

"அப்பறம் வேற எதுனால மேடம்?"

அவள் உண்மையாகவே கேட்டாள். நான் படித்தவள், சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். "செத்த இரு, வந்துர்றேன்" என்று எழுந்து போனேன். வேனுக்குக் கையெழுத்துப் போட்டேன். தட்டுகளை எண்ணினேன். எண்ணியதையே மறுபடி எண்ணினேன். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். மேலங்கியில் ஒரு கறை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் மாவு அரைத்தேன். கவின்மலரின் கல்லூரிக்குத் துணி எடுத்தோம். வீட்டுக்காரர் "என்ன ராணி, ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே இருக்க?" என்றார். வெயில் என்றேன்.

மேலப்பட்டியில் இப்போது யாரும் பாண்டீஸ்வரியை முதல் கன்று வைக்கக் கூப்பிடுவதில்லையாம். கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

கூடத்துச் சுகந்திக்கு வளைகாப்பு. சின்னமனூர் மண்டபம். பாண்டீஸ்வரியும் வந்திருந்தாள், சுகந்தி அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. இரண்டு கையிலும் வளையலைக் கோத்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"மேடம் மொதல்ல போடட்டும். பெரிய கை" என்று சுகந்தியின் மாமியார் என்னை இழுத்து முன்னால் விட்டார். போட்டேன். சந்தனம் பூசினேன். வயிறு நிறைந்த பெண்ணின் கன்னத்தை இந்தக் கையால் தொட்டேன்.

பாண்டீஸ்வரியின் முறை வந்தது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "நீ அப்பறமா போடுவியாம்த்தா. செத்த ஒக்காரு."

"ஆகட்டும்மா" என்று அவள் ஒதுங்கிச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. வளையல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பந்திக்கு முன்பே எழுந்து போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "வர்றேன் மேடம்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று லீவு போட்டேன். இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

எம்-14, எட்டாம் சுற்று என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். மே 29 எட்டு. ஜூன் 26 ஒன்பது. ஜூலை 24 பத்து. ஆகஸ்ட் 21 பதினொன்று. என்னிடமே பொய் சொல்ல ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்னுடையது. வாட்ச்மேனை "நீயும் போய்ட்டு வாய்யா" என்று அனுப்பியதும் நான்தான். டீசல் பார்க்காமல் பூட்டிக்கொண்டு வீரபாண்டிக்குப் போனேன். பாட்டில்கள் செத்தது என்னால். அதை மறைக்கத்தான் எம்-14ஐ இழுத்தேன். தளிர் திரிந்தது என்னால். காரியம் முடியாத பெண்ணை வரச் சொன்னதும் நான். அவள் கேட்டபோது வாயை அடைத்ததும் நான்.

சந்தானம் சாருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். அந்த வாட்ச்மேன் விஷயமும் அதில் இருக்கிறது. கடிதத்தை நாளை சாயந்தரம் கொடுக்கிறேன். காலையில் மேலப்பட்டி.

ஜூலை 11, வெள்ளி

பாண்டீஸ்வரி தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். நெட்டையும் குட்டையுமாக நின்ற வாழைக்கு இன்னமும் அளந்து தண்ணீர் விடுகிறார்கள்.

"வாங்க மேடம்" என்று எழுந்தாள்.

வழியெல்லாம் கோத்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "எம்-14 எட்டுச் சுத்து இல்ல பாண்டீஸ்வரி. பதினொன்னு. லேபிள்ல நான்தான் மாத்தி எழுதுனேன்" என்றேன்.

குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டேன்ல மேடம்?"

"கேட்ட."

"ஆடி மாசம் கேட்டேன். அம்புட்டுப் பேர் முன்னாடி சத்தம் போட்டீக. எண்ணத் தெரியாம கேட்டுட்டமேன்னு அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு."

அவள் குழாயைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் சேலையில் துடைத்தாள். விரித்துப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்ல கை. அந்தக் கூடத்துலயே நல்ல கை அதுதான்."

"தீட்டுனால இல்ல?"

"இல்ல. யார் வெட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்."

அதுவரைதான் தாங்கினாள். "ரெண்டு மாசமா எம் புள்ளைக்கு இந்தக் கையால சோறு ஊட்டல மேடம்! இவுகதான் ஊட்டுறாக. அதுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்து தலைகூட வாரி விடல. நீங்க அங்கன ஏசி ரூமுல ஒக்காந்திருந்தீகளே!" என்று கத்தி அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது.

"இங்கன சொன்னது போதாது. வாங்க."

வரப்பு வழியே இழுத்துக்கொண்டு போனாள். கெங்கம்மாள் தோட்டத்து மோட்டார் அறைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களைவெட்டியை வைத்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீரணனும் சத்தம் கேட்டு ஓடி வந்தான்.

"எல்லாரும் கேளுங்க. மேடம் ஒண்ணு சொல்றாகளாம்."

நான் சுற்று, தாய்க் கன்று, திசு மாறுபாடு என்று ஆரம்பித்தேன். கூட்டங்களில் பேசிப் பழகிய வாய். பெண்கள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"புரியுற மாதிரி சொல்லுங்க" என்றாள் பாண்டீஸ்வரி. என் கையை இன்னும் விடவில்லை.

"பாண்டீஸ்வரி கையில ஒரு குத்தமும் இல்ல. கெட்டுப்போன கன்னுன்னு தெரிஞ்சே நான் குடுத்தேன். பழி இவ மேல விழுந்தப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன். குத்தம் என்னுது."

வீரணன் கீழே கிடந்த களைவெட்டியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்புறம் தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். கெங்கம்மாள்தான் பேசினார்: "அட பாவி பொம்பளை! இந்தப் புள்ளைய நாங்க எம்புட்டுப் பேசிப்புட்டோம்."

பாண்டீஸ்வரி என் கையை விட்டாள். மணிக்கட்டில் அவள் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது, நின்றுகொண்டிருந்தேன்.

சாயந்தரம் கடிதத்தைக் கொடுத்தேன். சந்தானம் சார் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "சாவிகள வச்சிட்டுப் போங்க" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எம்-14 வாங்கிய எல்லாருக்கும் வேறு கன்று கொடுக்கிறார்கள். ஒரு வருடப் பயிர்க் காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. பழைய வாட்ச்மேன் மறுபடி வந்திருக்கிறாராம். இனி தட்டுகளில் சுற்று எண்ணோடு ஒவ்வொரு வெட்டின் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும் என்று சார் சொல்லிவிட்டாராம். சுகந்தி போனில் சொன்னாள். பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

கவின்மலர் இந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்காகத்தான சட்டி எடுக்கப் போன?" என்றாள். "உனக்காகப் போனேன். மறைச்சது எனக்காக" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கெங்கம்மாள் தோட்டத்தில் இன்று கன்று நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். ரோட்டோரப் புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டேன். அங்கிருந்தே பேச்சு கேட்டது.

கூடத்து வேன் வந்து தட்டுகளை இறக்கியது. சூடம் கொளுத்தினார்கள். கெங்கம்மாள் ஒரு கன்றை எடுத்து நீட்டினார். "வாத்தா பாண்டீசு. நீதான் வைக்கணும்."

அவள் கன்றை உடனே வாங்கவில்லை. தட்டைத் தன் பக்கம் திருப்பினாள். குனிந்து, லேபிளில் விரல் வைத்து ஒவ்வொரு தேதியாக, பெண்கள் எல்லாரும் கேட்க, வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

"என்னத்தா இம்புட்டு நேரம்? நல்ல நேரம் போகுது" என்றார் கெங்கம்மாள்.

"போகட்டும்க்கா. இனி எண்ணாம எதையும் கையில வாங்க மாட்டேன்."

மறுபடி ஒருமுறை எண்ணினாள். அப்புறம் வாங்கிக் குழியில் வைத்து மண்ணை அணைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். அவள் எழுந்து கையைத் தட்டிவிட்டு, இடுப்பிலிருந்த மகளுக்குப் பொங்கலை உருட்டி ஊட்டினாள். நான் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.